டாக்டரம்மா ஜீப்பின் வயிற்றுவலி

என்ஜின் மெக்கானிக்குக் கைராசி இருந்தால் போதும். கியர்பாக்ஸ் மெக்கானிக்குக் கல்நெஞ்சு வேண்டும். பெட்டியைத் திறக்கும்வரை உள்ளே என்ன நடந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. திறந்த பிறகு வண்டிக்காரரிடம் சொல்ல வாய் வராது. பழைய வண்டியைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் அன்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசலில் நின்று எங்கள் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பவர்கள் நீங்கள்தானே!

என் பெயர் காதர். விளாங்குடியில் திண்டுக்கல் ரோட்டை ஒட்டி நானும் முருகேசனும் சேர்ந்து பட்டறை வைத்திருக்கிறோம். கியர்பாக்ஸ் வேலை மட்டும்தான். போன ஐப்பசியில் ஒரு ஜீப் வந்தது. அது வந்து போவதற்குள் நான் எத்தனை முறை வாயைப் பிளந்தேன் என்று முருகேசன் இன்றைக்கும் கேலி பேசுகிறான்.

நாலாவது மட்டும்

ஜீப் என்று வாய்ப்பழக்கத்தில் சொல்கிறேன். அது சீமையில் செய்து, ஏதோ மலைத்தோட்டத்தில் உழைத்து, கைமாறிக் கைமாறி வந்த, நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய வண்டி. இப்போது அதை வைத்திருப்பவர் மாட்டு டாக்டர் தமிழ்ச்செல்வி. திருமங்கலத்துக்குத் தெற்கே கரிசல்காட்டு ஊர்களில் ஆடு மாடுகளுக்கு ஒன்று என்றால் அவருக்குத்தான் போன் வரும். அவருடைய அப்பாவும் அம்மாவும் அதே காடுகளில் கூலிக்குக் களை எடுத்தவர்கள். மழை பெய்துவிட்டால் கரிசல் மண் டயரைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும்; பைக் போகாது, ஆட்டோ போகாது, சில நேரம் டிராக்டரே போகாது. டாக்டரம்மா ஜீப் போகும்.

அந்த ஜீப்பில்தான் ஒரு காலையில் ஒன்று, இரண்டு, மூன்று, ரிவர்ஸ் எல்லாம் போய்விட்டது. நாலாவது மட்டும் இழுக்கிறது. நாலாவதில் நின்ற வண்டி கிளம்புமா? அணைந்துவிடும். டாக்டரம்மா யோசித்திருக்கிறார். சேற்றில் ஊர்வதற்கென்று அந்த வண்டியில் தனியாக ஒரு லிவர் உண்டு. அதைப் போட்டு, வண்டியை மெது ஓட்டத்துக்குக் கொண்டுவந்து, அதற்கு மேல் நாலாவதைப் போட்டுக் கிளப்பிவிட்டார். லாரிகள் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டே தாண்டிப் போக, பைபாஸ் ஓரமாகவே ஊர்ந்து விளாங்குடி வந்து சேர்ந்தார். கியர்பாக்ஸில் நாலாவது மட்டும் நேர் வழியில் போகும். மற்ற கியரெல்லாம் அடியில் சுற்றும் லே ஷாப்ட் என்ற தண்டில் இறங்கித்தான் ஏற வேண்டும். அந்தத் தண்டிலிருந்த சக்கரத்தின் பல் போனது தெரியாமலே, அதைத் தொடாத ஒரே வழியை அவர் பிடித்து வந்திருந்தார். கேட்டுக்கொண்டிருந்த முருகேசன் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "மாப்ள, இந்தம்மா வண்டியை ஓட்டிக்கிட்டு வரலை. கைத்தாங்கலாக் கூட்டிக்கிட்டு வந்திருக்காக."

பல் கடிக்கும் சத்தம்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க நாங்கள் ஒரு நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியைப் பெட்டியில் வைத்து, பிடியைக் காதில் வைப்போம். வண்டியைத் தூக்கி நிறுத்தி, நாலாவதில் ஓடவிட்டு, நான் அப்படிக் குனிந்திருந்தேன். டாக்டரம்மா பக்கத்தில் வந்து, பையிலிருந்த ஸ்டெதஸ்கோப்பை எடுத்துக் காதில் மாட்டி, கியர்பாக்ஸில் வைத்தார். அங்கிருந்து பின்னால் நகர்த்தி, கடைசியில் தொங்கிக்கொண்டிருந்த ஓவர்டிரைவ் என்ற சின்னப் பெட்டியின் மேல் வைத்ததும் முகம் மாறியது. "முதல்ல இங்கதான் ஆரம்பிச்சிருக்கு" என்றார்.

எனக்கும் அதே சந்தேகம்தான்; ஆனால் அவ்வளவு உறுதியாகச் சொல்ல எனக்குத் தைரியம் வந்திருக்காது. எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். ஸ்டெதஸ்கோப்பை மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டே சொன்னார்: "மாடு பல்லை நறநறன்னு கடிச்சா வயித்துல வலின்னு அர்த்தம் பாய். இது ரொம்ப நாளாக் கடிச்சுக்கிட்டு இருந்துச்சு, நான்தான் வண்டிதானேன்னு விட்டுட்டேன்."

மூன்றாவது மூடி

ஆயிலை இறக்கினோம். கியர்பாக்ஸிலிருந்து கொஞ்சம்தான் வந்தது. மிச்சமெல்லாம் தேய்ந்துபோன சீல் வழியாக, நாலு சக்கரத்துக்கும் இழுப்பைப் பிரித்துக் கொடுக்கும் பக்கத்துப் பெட்டிக்குக் குடிபோயிருந்தது. வந்த கொஞ்சமும் வெயிலில் பட்டுச்சேலைச் சரிகை மாதிரி மின்னியது. அழகாகத்தான் இருந்தது. ஆனால் மின்னியது அத்தனையும் பல்சக்கரத்தின் தூள். யா அல்லா என்று உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தது ஓவர்டிரைவ். டாப் கியருக்கும் மேலே இன்னொரு கியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகம் குறையாது, என்ஜின் மட்டும் மெதுவாகச் சுற்றும். வெளியூர் போகிறவர்களுக்குச் சொர்க்கம். அதற்கென்று தனி ஆயில், அந்த ஆயில் ஊற்றத் தனி மூடி. அந்த மூடியின் மேல் மண்ணும் கிரீஸும் சேர்ந்து கல்லாக இறுகியிருந்தது. உளி வைத்துத்தான் திறந்தோம். உள்ளே ஒரு சொட்டு இல்லை. பேரிங் உடைந்து நொறுங்கி, அந்தத் துண்டுகள் பக்கத்துப் பெட்டிக்குள் விழுந்து, சிக்கியதையெல்லாம் கடித்து, சீலையும் தின்று, கியர்பாக்ஸை ஆயிலில்லாமல் காயவைத்திருந்தன. வண்டியைப் பார்த்த மெக்கானிக்குகள் எல்லோரும் மற்ற இரண்டு மூடிகளையும் திறந்து ஒழுங்காக ஆயில் ஊற்றியிருக்கிறார்கள். மூன்றாவதாக ஒன்று இருப்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. டாக்டரம்மா எட்டிப் பார்த்து, அந்த வறண்ட ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார்: "மாட்டுக்கு நாலு வயிறுன்னு பரீட்சையில எழுதி மார்க்கு வாங்கினேன் பாய். இதுக்கு மூணுன்னு ஒருத்தரும் சொல்லலையே!"

நல்வரவை நாடும்

ஓவர்டிரைவைக் கழற்றினால், இரும்புக்கும் இரும்புக்கும் நடுவில் ஆயில் கசியாமல் இருக்க வைக்கும் பேக்கிங் கையோடு வந்தது. வழக்கமான பேக்கிங் தாள் இல்லை. துடைத்துப் பார்த்தால் ஓரத்தில் மஞ்சள் தெரிந்தது, அதை ஒட்டி எழுத்து தெரிந்தது: "நல்வரவை நாடும்". எந்தக் காலத்திலோ எவனோ ஒரு மெக்கானிக், பேக்கிங் கிடைக்காமல், கையில் கிடைத்த கல்யாணப் பத்திரிகையைச் சரியான அளவுக்கு வெட்டி, போல்ட் ஓட்டைகளைத் தட்டி எடுத்து மாட்டியிருக்கிறான். அந்த இடத்தில் மட்டும் கசிவே இல்லை!

நான் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தேன். ஓட்டைகள் ஒரு மயிரிழை கூட விலகவில்லை. வெட்டினவன் யார், எந்த ஊர், யாருக்குக் கல்யாணம், ஒன்றும் தெரியவில்லை. பெண், மாப்பிள்ளை பெயர் இருந்த இடத்தில்தான் ஷாப்ட் போகும் பெரிய ஓட்டை. முருகேசன் அதை வாங்கிப் பத்திரமாகச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "எங்க சொந்தத்துல பல கல்யாணம் இம்புட்டு நாள் ஒட்டிக்கிட்டு இருந்ததில்லை மாப்ள."

கப்பலூரில் ஒரு சம்மட்டி அடி

பேரிங்குகள் டவுனுக்குள் கிடைத்துவிட்டன. பல் போன சக்கரத்துக்கு மாற்றுத்தான் எங்கேயும் இல்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் மழைக்காலம் முடிந்து பொங்கல் வந்துவிடும். கப்பலூர் தொழிற்பேட்டையில் பல்சக்கரம் வெட்டுகிற ஜெபராஜிடம் பழைய சக்கரத்தைக் கொண்டுபோனோம். அவர் மில் இயந்திரங்களுக்கு வெட்டிக் கொடுப்பவர். எங்களுக்காக ஒன்றே ஒன்று வெட்டச் சம்மதித்தார். உடையாமல் மிச்சமிருந்த பற்களைப் பூதக்கண்ணாடியில் பார்த்து, பல்லின் சாய்மானத்தைக் கணக்குப் போட்டு, கம்ப்யூட்டரில் படம் வரைந்து வெட்டினார். பிறகு உலையில் காய்ச்சி எண்ணெயில் இறக்கினார். செக்கச்செவேல் என்று ஒரு சூரியன் உள்ளே முங்கிக் கறுப்பாக எழுந்து வந்தது. எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது.

ஆறிய பிறகு கையில் வாங்கினேன். பல் ஒவ்வொன்றும் முத்து மாதிரி. கிளம்பலாம் என்று எழுந்தேன். ஜெபராஜ் திரும்ப வாங்கி, அளவு பார்க்கும் மேடையில் வைத்துச் சுற்றினார். அங்கிருந்த மானியின் முள் லேசாக ஆடியது; காய்ச்சியதில் சக்கரம் துளி கோணியிருந்தது. என் கண்ணுக்கு அது ஆடினதாகவே தெரியவில்லை. அவர் எழுந்து போய்ச் சம்மட்டியை எடுத்து வந்து, அத்தனை பாடுபட்ட சக்கரத்தை ஒரே அடியில் உடைத்தார். "ஐயோ, நல்லாத்தானே இருந்துச்சு!" என்று கத்திவிட்டேன். அடுத்ததை வெட்டுவதற்கு இரும்பை எடுத்துக்கொண்டே அவர் சொன்னார்: "இதுவும் ஓடும் பாய். ஓடி, நடுக் கரிசல்ல போயி நிக்கும். அன்னைக்கு அந்த டாக்டரம்மா பக்கத்துல நான் இருக்க மாட்டேன்ல?"

மழை நடுவில் வந்த போன்

சக்கரம் வருவதற்குள் மழை முந்திக்கொண்டது. ஒரு சாயங்காலம் டாக்டரம்மாவிடமிருந்து போன். ஒரு எருமைக்குப் பிரசவச் சிக்கல் என்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஜீப் இல்லாததால் டிராக்டரில் ஏறியிருக்கிறார். டிராக்டர் பாதி வழியில் புதைந்துவிட, முழங்கால் சேற்றில் நடந்தே போயிருக்கிறார். போய்ச் சேரும்போது கன்று வயிற்றிலேயே செத்துவிட்டது.

எங்கள் பட்டறை நடுவில் அந்த ஜீப் வயிறு திறந்து கிடந்ததைப் பார்க்க முடியவில்லை. ஓவர்டிரைவை விட்டுவிட்டு, கிடைத்ததைப் போட்டு, நாளைக்கே எப்படியாவது மூடித் தந்துவிடுகிறேன் என்றேன். வேறு யாராக இருந்தாலும் சரி என்றிருப்பார்கள். ஏன் இன்னும் தரவில்லை என்று சத்தம் போட்டிருப்பார்கள், போடுவதும் நியாயம்தான். மழைச் சத்தத்துக்கு நடுவில் அவர் சொன்னார்: "தாய் பொழைச்சுக்கிச்சு பாய். நீங்க அவசரப்பட்டு மூடிராதீங்க. நானும் அவசரப்பட்டுத் தையல் போட மாட்டேன்."

சேற்றில் ஓட்டிப் பார்த்தது

ஜெபராஜின் சக்கரம் வந்தது. மாட்டினோம். கையால் சுற்றியபோது வெண்ணெயில் கத்தி போவது மாதிரி சுற்றியது. முருகேசன் மூன்று மூடிகளுக்கும் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டான். டாக்டரம்மா பஸ்ஸில் வந்து இறங்கினார். சாவியை வாங்கும்போதே அவருக்குப் போன். பாண்டியம்மாள் என்று ஒருவர். அவருடைய எருமைக்கு வலி எடுத்து விடிந்ததிலிருந்து கன்று வெளியே வரவில்லை. "ஏறுங்க ரெண்டு பேரும். ஓட்டிப் பாக்கணும்னு சொன்னீங்கள்ல?" என்றார் டாக்டரம்மா. ஊருக்குள் சுற்றி வரலாம் என்று நினைத்திருந்த நான் டூல் பெட்டியை எடுத்துக்கொண்டு ஏறினேன்.

தார் ரோடு முடிந்த இடத்தில் கரிசல் ஆரம்பித்தது. எங்கு பார்த்தாலும் கறுப்புக் களி. ஒரு டிராக்டர் அச்சு வரை இறங்கி நின்றது. டாக்டரம்மா ஊர்வதற்கு ஒன்று, நாலு சக்கரமும் இழுக்க ஒன்று என்று இரண்டு லிவர்களையும் போட்டு, ஆக்சிலேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டு, மண்ணைப் பார்த்துப் பார்த்துத் திருப்பினார். வண்டி துள்ளவில்லை, உறுமவில்லை. நாலு காலையும் ஊன்றி நடக்கிற மாடு மாதிரி நடந்தது. என் காலுக்கு அடியில் அந்தச் சக்கரம் இழுப்பதை உள்ளங்காலில் உணர்ந்தேன். மாஷா அல்லா என்று முணுமுணுத்தேன்.

தொழுவத்தில் டாக்டரம்மா ஈரத் தரையில் ஒருக்களித்துப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டார். கன்றின் முன்னங்கால் ஒன்று மடங்கி மாட்டியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தடவித் தடவி நேராக்கினார். நானும் முருகேசனும் அவர் சொன்னபோது மட்டும் கயிற்றை இழுத்தோம். கன்று வழுக்கி விழுந்தது; மூச்சில்லை. வாயிலிருந்த சளியை வழித்தெடுத்து, மூக்குக்குள் ஒரு வைக்கோலை விட்டு ஆட்டினார். கன்று தும்மியது! அந்தத் தும்மலைக் கேட்டு நானும் முருகேசனும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தோம் என்பது பிறகுதான் தெரிந்தது. பாண்டியம்மாள் முந்தானையால் கன்றைத் துடைத்தபடி டாக்டரம்மாவிடம் சொன்னார்: "தூரத்துல ஒங்க வண்டிச் சத்தம் கேக்கவும் அழுகையை நிப்பாட்டிட்டேன் தாயி. இனி அழுது என்னத்துக்குன்னு வெந்நி போட எந்திரிச்சிட்டேன்."

ஒரு குச்சியை இழுத்தபோது

திரும்பும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. பைபாஸில் ஏறி, வண்டி டாப் கியரில் வேகம் பிடித்தது. ஓவர்டிரைவை இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. "போடுங்க டாக்டரம்மா" என்றேன். முருகேசன் முன் சீட்டின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டான். அவர் கிளட்சை மிதித்து அந்தச் சின்னக் குச்சியை இழுத்தார்.

என்ஜினின் இரைச்சல் அப்படியே இறங்கிப் போயிற்று. வேகம் காட்டும் முள் அதே இடத்தில் நின்றது. டயர் ஈரத் தாரில் ஓடும் சத்தம் கேட்டது. தூரத்தில் யானைமலை கறுத்துப் படுத்திருந்தது. இந்த வண்டியை வாங்கிய நாளிலிருந்து ஓவர்டிரைவின் ஊளையோடுதான் டாக்டரம்மா ஓட்டியிருக்கிறார். அதுதான் அதன் இயல்பு என்றே நினைத்திருக்கிறார். சட்டென்று காலை எடுத்து, வண்டியை ஓரங்கட்டப் பார்த்துக்கொண்டே பதறிப்போய்க் கேட்டார்: "என்ன பாய், என்ஜின் நின்னுபோச்சா?"

அன்பர்களே, நாங்கள் இரும்பைக் காய்ச்சி, உடைத்து, மறுபடி காய்ச்சி இத்தனை பாடுபட்டது எல்லாம், கடைசியில் ஒன்றுமே கேட்காமல் இருக்கத்தான்.