சப்பாத்திக் கட்டை இல்லாத வீடு

பிறர் பெற்ற பிள்ளையை, அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துக் கூட்டிவந்து வளர்க்கும் வேலை என்னுடையது. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறவர்கள்கூட, பிள்ளையை எங்கே அடிக்கலாம் என்பதைக் கேட்காமலே சொல்லித் தருகிறார்கள். பிள்ளை வளர்த்து நொந்துபோன உங்களுக்கும் இது தெரிந்திருக்கும்.

எங்களிடம் வந்தவளுக்கு எட்டு வயது. பெயரைச் சொல்லக்கூடாது, குட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவளை அடிக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறோம். ஒரு வருடம் முடிந்ததும், எங்களோடு தொடர்வாளா, மறுபடி பிள்ளைகள் ஹோமுக்கா என்று குழந்தை நல ஆபீசில் முடிவு செய்வார்கள்.

காணாமல் போனவை

முதலில் ஸ்கேல். பிறகு சார்ஜர் வயர், சப்பாத்திக் கட்டை. கடைசியில் என் கணவரின் பெல்ட். மனிதர் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புக்கு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போனார்.

எல்லாம் குட்டியின் கட்டிலுக்கு அடியில், ஜவுளிக்கடைக் கட்டைப்பை ஒன்றில் இருந்தன. இந்தப் பிள்ளையை இதுவரை எதை எதை எடுத்து அடித்திருக்கிறார்கள் என்று அந்தப் பையே சொல்லிவிட்டது. ஏன் எடுத்தாய் என்று கேட்டதற்குத் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "இதெல்லாம் இல்லேன்னா கையாலதான் அடிப்பீங்க. கைன்னா பரவால்ல."

தில்லை நகர் கிளினிக்

பையை அவளிடமே விட்டுவிட்டோம்.

அடுத்த வாரம் காய்ச்சல். ஊசியைப் பார்த்ததும் நர்ஸைக் கடித்துவிட்டு நாற்காலிக்கு அடியில் புகுந்துகொண்டாள். நானும் தரையில் உட்கார்ந்து, பயமாகத்தான் இருக்கும், நான் இங்கேயே இருக்கிறேன் என்று அரை மணி நேரம் பேசினேன். கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஊசி போட்டுக்கொண்டாள். யாரும் பாராட்ட வேண்டாம், சும்மா இருந்திருக்கலாம். டோக்கனோடு காத்திருந்த ஓர் அம்மாளால் அது முடியவில்லை. "பெத்த பிள்ளைன்னா ரெண்டு வச்சிருப்பீங்க. நாளைக்குப் போற பிள்ளைதானேன்னு விட்டுட்டீங்க."

பள்ளிக்கூடம்

பக்கத்தில் இருந்த பிள்ளையின் நோட்டைக் குட்டி கிழித்துவிட்டாள் என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். எனக்கு முன்னால் நின்ற ஓர் அப்பா, மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க மிஸ்" என்று சொல்லிப் பெருமையாகப் போனார். அவருடைய தோல் இல்லையே.

நோட்டு வாங்கித் தருகிறோம், மன்னிப்பும் கேட்பாள், ஆனால் இவள் மேல் யாரும் கை வைக்கக்கூடாது, சட்டமும் அதைத்தான் சொல்கிறது என்றேன். மிஸ்ஸின் முகம் மாறிவிட்டது. "அப்ப உங்க வீட்டுல கண்டிப்பே இல்லைன்னு நான் ஆபீசுக்கு லெட்டர் எழுத வேண்டியிருக்குங்க."

என் கை

அடிக்காததற்குப் புகாராம். அந்தக் கொதிப்போடு திருவானைக்காவல் வீட்டுக்குள் நுழைகிறேன், அரைத்து வைத்த மாவில் குட்டி சோப்புத் தண்ணீரைக் கொட்டி வைத்திருக்கிறாள். ஊருக்கெல்லாம் நியாயம் பேசிய என் கை, ஸ்கேல் இருந்த அலமாரியைத் தானாகத் துழாவியது.

எதுவும் அகப்படவில்லை. எல்லாம் அந்தப் பையில் இருந்தது. அப்படியே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு வேறு யாரையும் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. அம்மா அடிக்கப் பார்த்தேன், தப்பு என்று அவளிடம் சொன்னேன். கதவோரம் நின்றவள் கேட்டாள்: "அந்தப் பையை இன்னும் உள்ள தள்ளி வைக்கட்டுமா?"

மேடம் வந்த நாள்

பள்ளிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் மேடம் வந்தார். இங்கே உன்னை அடிக்கிறார்களா என்று குட்டியிடம் கேட்டார். அவள் உள்ளே போய்ப் பையை இழுத்துவந்து அவர் காலடியில் கொட்டினாள். பெல்ட், வயர், கட்டை, ஸ்கேல். மேடம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிள்ளை இன்றோடு போய்விட்டாள் என்றே நினைத்தேன். பிறகுதான் குட்டி வாயைத் திறந்தாள். "இதெல்லாம் நான்தான் ஒளிச்சு வச்சேன். எங்கிட்ட இருக்குன்னு அம்மாவுக்குத் தெரியும். இன்னிக்கு வரைக்கும் திருப்பிக் கேக்கவே இல்ல."

வருடம் தாண்டியும் குட்டி எங்களோடுதான் இருக்கிறாள், என் கணவர் கயிறு கட்டிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார், நான் தண்ணீர் பாட்டிலை உருட்டித்தான் சப்பாத்தி தேய்க்கிறேன், அறிவுரை சொல்ல வருகிறவர்களை ஒளித்து வைக்கும் அளவுக்குத்தான் இன்னும் ஒரு பை கிடைக்கவில்லை.