பெரியப்பா சாவுக்கு வந்த பிரீஆம்ப்

மைக்கின் கம்பிவலையில் எப்போதும் வெற்றிலை எச்சில் நாற்றம் அடிக்கும். எண்பதுகளின் கடைசியில் எங்கள் ராஜபாளையத்துத் தெருவில் ஒரு சாவு விழுந்தால், பாடை மூங்கிலுக்கு முன்னால் "மைக்செட்" வந்து இறங்கிவிடும். வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டி, பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்கள் நடுவே மைக்கை வைத்துவிட்டால், எந்த வீட்டு மருமகள் எப்படி அழுகிறாள் என்று நாலு தெரு தள்ளி உட்கார்ந்தபடியே மார்க் போடலாம். நல்ல ஊர்!

பஞ்சு மில்லில் ஃபிட்டராக இருந்த என் பெரியப்பா நெஞ்சுவலியில் செத்தபோது எனக்குப் பத்து வயது. பெரியம்மாவுக்குப் பிள்ளை கிடையாது. குடித்துவிட்டு வந்து பெரியப்பா அவளை அடித்த அடி தெருவுக்கே தெரியும், ஒருத்தரும் ஏன் என்று கேட்டதில்லை. அவர்கள் இருந்த வீடு தாத்தா பெயரில் இருந்தது; அதன் மேல் பெரியப்பாவின் தங்கை, அதாவது என் அத்தை, நெடுநாளாகக் கண் வைத்திருந்தாள். பெரியம்மா சொட்டுக் கண்ணீர் இல்லாமல் பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அத்தைக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்தது. ஒப்பாரிக்காரி டீ குடிக்க எழுந்த நேரம் பார்த்து மைக்கை இழுத்துப் பெரியம்மாவின் வாயருகே வைத்தாள். "புருசன் செத்துக் கெடக்கான், ஒரு சத்தத்தக் காணோமே! அழாதவளுக்கு இந்த வீட்டுல என்ன பாத்தியதை இருக்கு?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டாள்.

பெரியம்மாவின் உதடு அசைந்தது. ஸ்பீக்கரில் கொசு முனகியது போல ஏதோ வந்தது, அவ்வளவுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த மைக்செட்காரர், "ஒப்பாரிக்காரவுக தொண்டைக்கு இது போதும்மா. ஆம்ப்ளிபயர்ல மைக் சாக்கெட் போயிருச்சு, ரிக்கார்டு பிளேயர் சாக்கெட்டுலதான் சொருகியிருக்கேன். மெல்லப் பேசுனா எடுக்காது" என்றார். "எடுக்குற மாதிரி ஏதாச்சும் மாட்டுங்க" என்றாள் அத்தை. அதற்கும் அவரிடம் ஒன்று இருந்தது. "பிரீஆம்ப்" என்று அவர் சொன்ன, சோப்பு டப்பா அளவுத் தகரப் பெட்டி. ஆம்ப்ளிபயரின் சத்தத்தை முழுக்கக் குறைத்து, மைக் வயரைப் பெட்டியின் ஒரு பக்கம் சொருகி, மறுபக்கத்திலிருந்து ஒரு குட்டை வயரை ஆம்ப்ளிபயருக்குக் கொடுத்து, பேட்டரியை மாட்டி, ஊளையிடாதபடி குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினார். "ஹலோ, மைக் டெஸ்ட்டிங்" என்று மட்டும் சொல்லவில்லை. சாவு வீடாயிற்றே என்று மனுஷன் மரியாதை பார்த்திருக்கிறார். அதனால் மைக் உயிர் பெற்றது பெரியம்மாவுக்குத் தெரியவில்லை.

வேப்பமரத்திலிருந்து அவள் குரல் தெளிவாக இறங்கியது. "நெசமாவே செத்துட்டீகளா? எந்திரிக்க மாட்டீகள்ல? இனி அடிக்க மாட்டீகள்ல?"

டீக்கடைப் பக்கம் எவனோ சிரித்தான், அவனைத் தொட்டு இன்னும் நாலு பேர். பெரியம்மா தன் குரலைக் கேட்டு மரத்தை அண்ணாந்து பார்த்தாள். "கேட்டுக்கிடுங்க எல்லாரும்! எங்கண்ணன் செத்ததுல இவளுக்கு எம்புட்டு சந்தோசம்னு!" என்று அத்தை மாரில் அடித்துக்கொண்டாள். அதுவும் அருமையாகக் கேட்டது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாளே பெரியம்மாவை அவள் அண்ணன் இருந்த தளவாய்புரத்துக்கு பஸ் ஏற்றினார்கள். ஒரு வார்த்தை பேசுங்களேன் என்று என் அம்மா அப்பாவிடம் கெஞ்சினாள். "ஊர் வாய மூட உலைமூடி கெடையாது, சும்மா இரு" என்றார் அப்பா. ஊர் வாயா வீட்டைக் கேட்டது? ஆவணியில் அத்தை அங்கே பால் காய்ச்சிக் குடிபோனாள். பெரியம்மா தன் அண்ணன் வீட்டுப் பின்கட்டில் உட்கார்ந்து நைட்டி தைத்துத் தைத்துக் கண் போய்ச் செத்தாள்.

இப்போது எங்கள் தெருவில் சாவுக்கு மைக்செட் வருவதில்லை. போன மாதம் ஒரு "துட்டி"க்குப் போயிருந்தேன். ஊர் பேர் தெரியாத ஒருத்தி எங்கோ பாடிப் பதிந்த ஒப்பாரி, நாற்காலி மேல் வைத்த புளூடூத் ஸ்பீக்கரில் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. அந்த இரைச்சலில் வீட்டுப் பெண்கள் பிணத்திடம் என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம், ஒருவர் காதிலும் விழாது. பெரியம்மாவுக்கு அந்த வசதி வாய்க்கவில்லை.