அக்கா எடுத்துவந்த டம்ளர்

தினமும் தாராவியிலிருந்து ஐரோலி ஆபீசுக்குப் போய், ஏசி அறையில் உட்கார்ந்து, நான் பார்த்தேயிராத இங்கிலாந்தின் திருட்டுகளைப் படிக்கிறேன். எவனோ ஒருவன் கடையில் பாலாடைக்கட்டியைச் சட்டைக்குள் ஒளித்திருப்பான். லண்டன் வக்கீல்களுக்காக அதைச் சுருக்கி எழுதுவதுதான் என் பிழைப்பு. அவர்கள் சட்டப்படி திருட்டுக்கு ஐந்து அம்சங்கள் வேண்டும். பொருள் ஒன்று இருக்க வேண்டும். அது இன்னொருவருடையதாக இருக்க வேண்டும். அதைத் தனதாக்கிக்கொள்ள வேண்டும். அதில் நேர்மையின்மை வேண்டும். ஒரேயடியாக வைத்துக்கொள்ளும் எண்ணமும் வேண்டும். ஒன்று குறைந்தாலும் திருட்டு இல்லை. பாலாடைக்கட்டிக்காரனுக்கே இத்தனை மரியாதை. மாட்டுங்காவில் என் அக்காவை ஒரு கேள்வி கேட்கக்கூட ஆள் இல்லை.

அக்கா செல்வராணி அங்கே ஒரு கட்டடத்தில் நான்கு வீடுகளில் வேலை செய்தாள். அதில் ஒரு வீட்டு மாமி, பாலக்காட்டிலிருந்து எப்போதோ வந்த குடும்பம், பாத்திரம் கழுவ மிஷின் வாங்கியாயிற்று என்று ஒன்பது வருட வேலையை நிறுத்தினாள். அந்த வீட்டில் அக்காவுக்கென்று ஒரு எவர்சில்வர் டம்ளர் உண்டு. சமையலறைக்கு வெளியே ஜன்னலோரம் கவிழ்ந்திருக்கும். வேறு யாரும் அதைத் தொடமாட்டார்கள். தன்னுடையது என்றே நினைத்து, கடைசி நாளில் கழுவிப் பையில் போட்டு எடுத்துவந்துவிட்டாள். மறுநாள் கட்டடத்தை நிர்வகிக்கும் சொசைட்டியின் செக்ரட்டரியிடம் திருட்டுப் புகார் போயிற்று. கேட்டில் நுழைய அக்காவுக்குக் கொடுத்திருந்த கார்டை முடக்கிவிட்டார்கள். மற்ற மூன்று வீட்டுப் பிழைப்பும் அதோடு நின்றது.

ஊர்க்காரர்களே, நீங்கள் சிரிக்க வேண்டாம். நம் ஊர் டீக்கடையில் எங்கள் தெருவுக்குத் தனி கிளாஸை மாட்டித் தொங்கவிட்டவர்கள் நீங்கள்தான். அந்த எரிச்சலில்தான் பத்தொன்பது வயதில் ரயிலேறினேன். சயான் ஸ்டேஷன் வாசலில் அரை கிளாஸ் டீயான கட்டிங் சாயை முதல்முதலாகக் குடித்தபோது, எல்லார் கிளாஸையும் ஒரே வாளியில் முக்கியெடுத்தார்கள். அழுக்குத் தண்ணீர்தான், ஆனாலும் எனக்கு அழுகை வந்தது. பம்பாய் என்றால் இதுதான் என்று நம்பினேன், முட்டாள். ஊர் கிளாஸ் எனக்கு முன்னாலேயே வண்டியேறி வந்து, மாடியில் ஃப்ளாட் வாங்கியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் டம்ளரோடு சொசைட்டி ஆபீசுக்குப் போய், அதை மேஜைமேல் வைத்தோம். மாமியும் வந்திருந்தாள். செக்ரட்டரி வயதான மராட்டியர், தமிழ் தெரியாது.

“ஒம்போது வருஷம் நம்பி வெச்சிண்டேன். இப்படி எடுத்துண்டு போயிட்டாளே!” என்றாள் மாமி.

“எனக்குன்னுதான மாமி வச்சிருந்திய? வேற யாரு அதுல குடிச்சா?” என்றாள் அக்கா.

செக்ரட்டரிக்குப் பொறுமை போய்விட்டது. டம்ளரை எடுத்து, தன் பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றிக் குடித்துவிட்டு, மாமியிடம் நீட்டினார்.

“ஆப்கா ஹை தோ லே லோ, மேடம். பாத் கதம்.”

உங்களுடையது என்றால் எடுத்துக்கொள்ளுங்கள், பேச்சு முடிந்தது என்கிறார். பாவம், உதவி செய்வதாக நினைப்பு. மாமியின் கைகள் முந்தானைக்குள் போய்விட்டன. டம்ளரைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள்.

“உஸ்கா ஹை,” என்றாள். அவளுடையதுதானாம்.

இன்னொருவருடைய பொருள் என்ற அம்சம் அந்த இடத்திலேயே விழுந்தது. அருவருப்பைச் சாட்சி சொல்லவைத்து எந்த லண்டன் வக்கீலும் ஜெயித்திருக்கமாட்டான். எனக்கு சந்தோஷம் வரவில்லை. காறித் துப்பத்தான் தோன்றியது. அப்புறம் எதற்குப் புகார் என்று செக்ரட்டரி தலையைச் சொறிந்தார். கார்டைத் திறந்துவிடச் சொன்னார். மன்னிப்பு கேட்க ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“இத எங்கயாவது தூக்கி எறி, அக்கா,” என்றேன் கேட்டருகில்.

“ஏம்ல எறியணும்? எனக்குள்ளதுன்னு மாமியே சொல்லிட்டாவல்லா.” கார்டை வைத்துப் பார்த்தாள்; பச்சை விளக்கு எரிந்தது. “மத்த மூணு வீட்லயும் எனக்குன்னு ஒண்ணொண்ணு கெடக்கு. வேலைய விடும்போது இனிமே எழுதி வாங்கிட்டுத்தான் எடுக்கணும் போல.”

டம்ளர் இருந்த பையை என்னிடம் கொடுத்துவிட்டு, வேலைக்காரர்களுக்கான லிஃப்ட் பக்கம் நடந்தாள். இத்தனை வருடத்தில் மாட்டுங்காவில் அவள் சேர்த்த சொந்தம் நான்கு டம்ளர்கள். ஒன்று என் கையில் இருந்தது. மூன்று மேலே கவிழ்ந்து கிடந்தன.