இன்னும் டெபுடிதானா?

பதினோரு வருடம் நான் ஒரு பிரெஞ்சுக்காரரின் பின்னாலேயே அலைந்தேன். காதல் கீதல் எதுவும் இல்லை. அவர் அந்த நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர், பழமைவாதக் கட்சி. வெளிநாட்டு அரசியல்வாதிகளைப் பற்றிக் குறிப்பெழுதி கம்பெனிகளுக்கு விற்பதுதான் மும்பையை ஒட்டிய வாஷியில் எங்கள் ஆபீஸின் தொழில். எங்கள் மாட்டுங்காவில் பாதிப் பேர் மார்க்குக்காகப் பள்ளியில் பிரெஞ்சு எடுப்போம்; அதை வைத்துச் சோறு தின்றவள் எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். பால்பவுடர் விற்கும் ஒரு கம்பெனிக்கு அவர்மேல் மட்டும் அக்கறை, ஏனென்றால் அவர் பால் விலையைப் பற்றியே பேசுவார். அந்த ஒரு சந்தாவில்தான் என் பிரிவே ஓடியது. மண்குதிரை என்று எனக்கும் தெரியும்.

சின்ன ஊரின் மேயராக இருந்து ஜெயித்து வந்தவர். ஒரே ஆள் இரண்டு பதவியில் இருக்கக்கூடாது என்று சட்டம் வந்ததும் மேயர் பதவியை விட்டார். கட்சி பெயரை மாற்றிக்கொண்டது, நண்பர்கள் வேறு கட்சிக்குப் போனார்கள், அவர் அங்கேயே இருந்தார். மந்திரி ஆகவே இல்லை.

தப்பு என்னுடையது. அவர்கள் மொழியில் எம்.பி.க்கு என்ன பெயரோ அதை அப்பாவிடம் 'டெபுடி' என்று சொல்லிவிட்டேன்.

"யாருக்குடி டெபுடி?"

"யாருக்கும் இல்லப்பா. அங்க எம்.பி.யையே அப்படித்தான் சொல்வா."

அப்பா நம்பவில்லை. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் ஒன்பது வருடம் டெபுடி மேனேஜராக இருந்து, அப்படியே ரிடையர் ஆனவர். அன்றிலிருந்து நான் செருப்பைக் கழற்றும்போதே கேள்வி வந்துவிடும்.

"இன்னும் டெபுடிதானா?"

"ஆமாம்பா."

"பாவம். மேல இருக்கறவன் விடமாட்டான்."

போன தேர்தலில் அவர் தோற்றார். அவரைவிடவும் வலதுசாரியான ஒரு பெண்ணிடம். மூன்று வரி எழுதி அனுப்பிவிட்டு டப்பாவைத் திறந்து தயிர்சாதம் சாப்பிட்டேன். வருத்தமாக இல்லை, எதுவாகவும் இல்லை. வீட்டில் இன்னும் ஒரு மாதம் "ஆமாம்பா" என்றே சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு பால்பவுடர்காரர்கள் சந்தாவை நிறுத்தினார்கள். பிரிவை மூடுகிறோம், நீங்களே ராஜினாமா எழுதிவிட்டால் கௌரவமாக இருக்கும் என்றாள் எச்.ஆர். பெண். அவளிடமே பேனா வாங்கி, அவள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்தேன். எருமைமாட்டின் மேல் மழை பெய்த மாதிரி இருந்தது. பக்கத்துப் பிரிவில் ஓர் இடம் காலியாக இருப்பதும், அதைக் கேட்டிருக்கலாம் என்பதும், வீடு திரும்பும் வழியில் குர்லாவில் ரயில் மாறும்போதுதான் உறைத்தது.

அப்பாவிடம் எல்லாவற்றையும் ஒன்றாகச் சொன்னேன்.

"அவர் தோத்துட்டார்ப்பா. என் வேலையும் போயிடுத்து."

அப்பா டிவியை அணைத்தார். "வேற செக்‌ஷன் குடுன்னு கேக்கலையா?"

"இல்லப்பா."

"பதினோரு வருஷத்துல ஒரு பிரமோஷனாவது கேட்டியா?"

"இல்ல. நீங்க கேட்டேளா?"

கேட்டிருக்கக் கூடாது. அப்பா ரிமோட்டின் பேட்டரி மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினார்.

"அவனாவது நின்னு தோத்தான். நாம ரெண்டு பேரும் நிக்கவே இல்லடி."

எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன். அப்பாவுக்குத்தான் வந்தது.