அஞ்செட்டியில் இரு தரப்பும் நானே

கால்பந்தை உதைப்பவர்கள் அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. பேசுபவர்கள் அதை உதைப்பதில்லை. இந்த வேலைப் பிரிவினை நியாயமானது என்று நான் நெடுநாள் நம்பினேன். கல்லூரியின் இரண்டாம் ஆண்டு வரை என் பங்கு வேலையைக் குறைவின்றிச் செய்தும் வந்தேன். எங்கள் பெண்கள் அணி ஓசூரில் ஆடிய ஓர் ஆட்டத்தையும் நான் தவறவிட்டதில்லை. மைதானத்தின் ஓரம், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், கையில் மைக்கோடு அமர்ந்திருப்பேன். பேச்சுப் போட்டிகளில் கோப்பை வாங்கிப் பழகிய குரல் என்பதால் கல்லூரியின் ஒலிபெருக்கி இயல்பாகவே என்னிடம் வந்து சேர்ந்திருந்தது.

என் வர்ணனையின் தரம் குறித்து எவருக்கும் ஐயமிருந்ததில்லை. அதன் விளைவு குறித்தே கருத்து வேறுபாடு நிலவியது. ஒருமுறை எங்கள் இடப்பக்க ஆட்டக்காரி பந்தோடு பாய்ந்தபோது, "இதோ, மலைச்சரிவில் இறங்கும் காட்டாறு!" என்று முழங்கினேன். காட்டாறு நின்று, திரும்பி, என்னைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தது. அதற்குள் எதிரணி பந்தைக் கொண்டுபோய்விட்டது.

"ஏட்டி, அவ ஓடும்போது நீ வாய மூடு. நீ பேசுனா அவ நிக்கா பாரு" என்றார் எங்கள் பி.டி. மேடம்.

மேடம் திருநெல்வேலிக்காரர். கணவருக்கு இங்கே தொழிற்சாலை வேலை. அவருக்கு எங்கள் கல்லூரியில் உடற்கல்வித் துறை. பயிற்சியாளர்களில் பேசிப் பயிற்றுவிப்பவர், விசிலால் பயிற்றுவிப்பவர் என இரு பிரிவினர் உண்டு என்பது என் முடிவு. மேடம் இரண்டாம் பிரிவின் தூய வடிவம். நீண்ட விசிலுக்கு "ஓடு" என்று பொருள். குறுகிய விசிலுக்கு "இன்னும் ஓடு" என்று பொருள். வியூகம், உத்தி ஆகியவற்றைக் குறித்து அவரிடம் நான் பலமுறை விவாதம் தொடங்கியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் விசிலே மறுமொழியாக வந்தது.

எங்கள் அணியினர் பந்தைத் தரையோடு தரையாக ஆடுவார்கள். பார்ப்பவர்கள் அதை மேடத்தின் பயிற்சி என்று பாராட்டுவதுண்டு. உண்மைக் காரணம் வேறு. மைதானத்தின் கிழக்கு மதிலுக்கு அப்பால் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலை இருந்தது. பந்து மதில் தாண்டினால் வாயிற்காவலர் அதைத் திருப்பிக் கொடுக்கமாட்டார். "உள்ள வந்த மெட்டீரியல் எதுவா இருந்தாலும் கேட் பாஸ் இல்லாம வெளிய போவாது பாப்பா" என்பார். எங்கள் அணித்தலைவி ஸ்டோர்ஸ் அலுவலகம் வரை போய்க் கையெழுத்து வாங்கி வருவாள். ஆட்டம் அதுவரை நிற்கும். உலகில் வேறெந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு திறம்படத் தாழ்வான பந்தாட்டத்தைக் கற்பித்திருக்க முடியாது.

ஆட்டக்காரிகளில் என் மதிப்புக்குரிய இடம் கோல்கீப்பருக்கே. மற்றப் பதின்மரும் தவறு செய்தால் அது ஆட்டம். அவள் தவறு செய்தால் அது கோல். எங்களுக்கு மூன்றாண்டு காலம் அரணாக நின்றவள் பட்டம் பெற்று, கைப்பேசி தயாரிக்கும் நிறுவனமொன்றில் ஷிப்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்குப் பிறகு அந்த இடத்துக்கு யாரும் முன்வரவில்லை. மேடம் அணியில் ஒவ்வொருத்தியாக நிறுத்திப் பார்த்தார். ஒருத்தி பந்து வந்தால் குனிந்தாள். ஒருத்தி கண்ணை மூடினாள். காட்டாறு ஒதுங்கி வழிவிட்டது.

முதல்வர் மேடத்தை அழைத்துச் சொல்லிவிட்டார்: கீப்பர் இல்லாத அணியை மண்டலப் போட்டிக்கு அனுப்பி அவமானப்பட முடியாது, ஆள் கிடைத்தால் பெயர் கொடுக்கலாம், கிடைக்காவிட்டால் வரும் கல்வியாண்டில் அணியே இல்லை. அணி இல்லாத கல்லூரிக்கு ரசிகை எதற்கு? அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. மேடத்துக்கும் வந்திருக்காது. அவர் அந்த அணியை ஒற்றைப் பந்திலிருந்து உருவாக்கியவர்.

பிறகு தேன்கனிக்கோட்டையில் பள்ளிகளுக்கிடையே நடந்த ஓர் ஆட்டத்தில் மேடம் அவளைக் கண்டார். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவிருந்த அஞ்செட்டிப் பெண். கைகளை அகல விரித்து, முழங்காலை மடித்து, பந்தை நேருக்கு நேர் முறைத்துக்கொண்டு நின்றாளாம். கேழ்வரகுக் கொல்லைக்குள் மாடு நுழையாமல் மறிக்கிறவளின் நிலை அது, யாரும் சொல்லிக்கொடுத்ததன்று. பந்து அவளைத் தாண்ட அஞ்சியது என்றார் மேடம். அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே உவமை அது.

பள்ளித் தேர்வு முடிவு வந்ததும் விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்க்கை தொடங்கியது. மேடம் என்னைத் தேடி வந்தார்.

"அந்தப் பிள்ளை வீட்டுக்குப் போறேன். எனக்குப் பேச வராது. நீயும் வா. ஒன் வாய் இந்த ஒரு வாட்டியாவது காலேஜுக்கு ஒதவட்டும்."

ஆள் சேர்ப்பு என்ற கலை மைதானத்தில் நிகழ்வதாகப் பலரும் எண்ணுகிறார்கள். அது அடுப்படிக்கு அருகில் நிகழ்வது. அஞ்செட்டிக்குப் பேருந்துகள் குறைவு. காட்டுப் பாதையில் குலுங்கி நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, கிருஷ்ணகிரிப் பக்கத்துத் தனியார் கல்லூரியின் பயிற்சியாளர் எங்களுக்கு முன்பே அங்கே அமர்ந்து களியும் கோழிக்குழம்பும் உண்டுகொண்டிருந்தார். அதுவும் இரண்டாம் உருண்டை. மேடம் நெல்லைச் சோற்றில் வளர்ந்தவர், களியை மென்றார். அதை விழுங்கத்தான் வேண்டும் என்று அந்த வீட்டில் குழந்தைக்குக்கூடத் தெரியும். முதல் கோல் அங்கேயே விழுந்துவிட்டதை நான் குறித்துக்கொண்டேன்.

பெண்ணின் தந்தை காய்கறி வண்டியோடு வெளியூர் போயிருந்தார். முடிவு சொல்லும் பொறுப்பு தாய்மாமனிடம் இருந்தது. அந்த வழக்கத்தை நான் மதிக்கிறேன். பட்டிமன்றத்திலும் நடுவர் ஒருவரே. அம்மா கதவோரம் நின்றார். பெண் கன்றுக்குட்டிக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் நின்றாள். வந்திருப்பவர்கள் யாரென்று பார்க்க அண்டை வீட்டாரும் கூடினார்கள். நல்ல அவை.

"ரெண்டு காலேஜும் ஒரே நாள்ல வந்துட்டீங்கோ. யாரையும் கோவிச்சுக்க வெக்க முடியாது. ரெண்டு பேரும் சொல்லுங்க, கேட்டுக்கறோம்" என்றார் மாமா.

நான் எழுந்தேன். "நடுவர் அவர்களே!" என்றேன். மாமா தமக்குப் பின்னால் யாராவது வந்திருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார்.

என் உரையை மூன்று தூண்களின் மேல் நிறுத்தினேன். ஓசூர் அருகில் இருக்கிறது. மகளை அம்மா நினைத்த வாரம் பார்க்கலாம். படிப்பு முடியும்போது வேலை தரும் ஆலைகள் கல்லூரி வாயிலுக்கு எதிரிலேயே இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, வந்த முதல் நாளே கோல் அவளுடையது. காத்திருக்க வேண்டாம், போட்டியிட வேண்டாம். முடித்தபோது அண்டை வீட்டுப் பெண்ணொருத்தி கைதட்டினாள். மேடத்தின் முகத்தில் நான் அதுவரை கண்டிராத ஒன்று தோன்றியது. அது புன்னகை என்று பின்னர் உறுதிசெய்துகொண்டேன்.

மாமா அடுத்தவர் பக்கம் திரும்பினார். "சார், நீங்க சொல்லுங்க."

பயிற்சியாளர் கையைத் துடைத்துக்கொண்டார். "நம்முளுக்குப் பேச வராதுங்க."

"ரெண்டு வார்த்த சொல்லுங்க சார்."

"காலேஜு நல்லா இருக்குங்க."

அவர் முடித்துவிட்டார். மாமா தலையைச் சொறிந்தார். "ஒரு பக்கத்த மட்டும் கேட்டு முடிவு பண்ணா தப்புங்களே. நாளைக்கி ஊர்ல பேசுவாங்கோ. அந்தக் காலேஜ்ல இருந்து பேசத் தெரிஞ்சவங்க யாராச்சும் வரட்டும். அப்புறமேட்டு முடிவு பண்ணிக்கலாம்."

மேடம் என் முழங்கையைத் தொட்டார். சும்மா இரு என்பது அதன் பொருள் என்று அவர் பின்னாளில் விளக்கினார். நானோ வேறொன்றை எண்ணிக்கொண்டிருந்தேன். எதிர்த்துப் பேச ஆளில்லாத மேடையில் பெற்ற வெற்றியை நான் வெற்றியாகக் கருதியதில்லை. சீட்டுக் குலுக்கி எந்தத் தரப்பு விழுந்தாலும் அந்தத் தரப்பைப் பேசப் பயின்றவள் நான். தன் தரப்பை மட்டும் அறிந்தவருக்குத் தன் தரப்பும் தெரியாது என்று எத்தனை மேடைகளில் சொல்லியிருக்கிறேன்! தவிர, மாமா அடுத்த நாளுக்குத் தள்ளிவைத்தால் மறுபடியும் யார் அந்தப் பேருந்தில் குலுங்குவது?

"தடையில்லை என்றால் அவர்கள் தரப்பையும் நானே எடுத்துரைக்கிறேன்" என்றேன்.

"ஏட்டி!" என்றார் மேடம்.

"அது எப்பிடி பாப்பா முடியும்?" என்றார் மாமா, ஆர்வத்தோடு.

பயிற்சியாளரிடம் சில கேள்விகள் கேட்டேன். விடுதி உண்டா? உண்டுங்க. மைதானம்? புல்லுங்க. கீப்பருக்கெனத் தனிப் பயிற்சி? காலைல ஒரு சார் வருவாருங்க. எனக்கு அது போதுமானதாக இருந்தது.

மீண்டும் "நடுவர் அவர்களே" என்றேன். இம்முறை மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எனக்கு முன் பேசிய தோழி அழகாகப் பேசினார். ஆனால் அருகில் இருப்பதே சிறப்பு என்றால், நம் பெண் இந்த வாசலிலேயே கோல் காக்கலாமே! ஆலைகள் வாயிலுக்கு எதிரிலேயே என்றார் தோழி, நன்றாக ஆடுபவளை வேலையே தேடி வராதா? போட்டியின்றி இடம் தருவோம் என்றார். போட்டியில்லாத இடத்தில் நிற்பவள் எப்படி வளர்வாள்? கட்டாந்தரையில் பாய்ந்து முட்டி பெயர்வதா, புல்லில் பாய்ந்து பந்தைப் பிடிப்பதா? கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியர் விடியற்காலையில் காத்திருக்க, கற்பிக்க ஆளில்லாத மைதானத்துக்கு எந்தத் தாய் மகளை அனுப்புவார்?"

தூண்கள் மூன்றும் சரிந்தன. கட்டியவளுக்கே எங்கே இடிக்க வேண்டும் என்று தெரியும். கூட்டம் முழுவதும் கைதட்டியது. பயிற்சியாளர், தம் கல்லூரி இவ்வளவு நல்ல கல்லூரியா என்ற வியப்போடு என்னைப் பார்த்தார்.

கர்நாடக எல்லையோர ஊர் என்பதால் மாமா தம் அக்காவான பெண்ணின் அம்மாவிடம் கன்னடத்தில் ஏதோ கேட்டார், அவர் தலையசைத்தார். "மொதல்ல பேசுனவங்களும் நல்லாத்தான் சொன்னாங்கோ" என்று மாமா தீர்ப்புரைத்தார். "ஆனா ரெண்டாவது பேசுனவங்க சொல்றதுதான் நாயமாப் படுது."

"ரெண்டு பேரும் ஒரே ஆளுதான் மாமா" என்றாள் பெண்.

"தெரியும் புள்ள. இருந்தாலும் ரெண்டாவது ஆளு கெட்டி."

திரும்பும் பேருந்தில் மேடம் சன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார். நடுநிலைமையின் மேன்மை குறித்துச் சில கருத்துகளை முன்வைத்தேன். விசில் கைவசம் இல்லை போலும். தேன்கனிக்கோட்டை நிறுத்தத்தில்தான் வாய் திறந்தார்.

"ஒனக்கு ஷூ சைஸ் என்ன?"

"எதற்கு மேடம்?"

"கீப்பர் வேணும்லா? நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வந்துரு."

இப்படியாக, பேசுபவர்கள் உதைப்பதில்லை என்ற என் கோட்பாடு முடிவுக்கு வந்தது. என் பெயர் கீப்பர் இடத்தில் எழுதப்பட்டது. முதல்வர் அதை ஐயத்தோடு பார்த்தார். அணி மண்டலப் போட்டிக்குப் போயிற்று. எங்களுக்கு முதல் ஆட்டமே அந்தக் கிருஷ்ணகிரிக் கல்லூரியோடு.

ரசிகையாக இருந்தபோது பந்து உருண்டையானது என்று நினைத்திருந்தேன். கோல் கம்பங்களுக்கு நடுவே நிற்கும்போது அது ஒரு கருத்தைப் போல வந்தது: தொலைவில் தெளிவாக, அருகில் வேகமாக, முடிவில் எனக்குப் பின்னால். ஆறு கோல்கள் வாங்கினேன். ஒன்றை மட்டும் முகத்தால் தடுத்தேன். இடையில் நம்மவர்க்கு ஊக்கமூட்டச் சற்று நீளமாகப் பேசியிருப்பேன் போலும், நடுவர் ஓடிவந்து, "கீப்பர் கத்தலாம்மா. சொற்பொழிவு ஆத்தக் கூடாது" என்று எச்சரித்தார். மறுமுனையில் அஞ்செட்டிப் பெண் புதுக் கையுறைகளோடு, கைகளை அகல விரித்து, வராத பந்துக்காகக் காத்து நின்றாள். காட்டாறு ஒரே ஒருமுறை அந்தப் பக்கம் போனது. அவளை நிமிர்ந்து பார்த்ததும் பந்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டுத் திரும்பியது.

ஆட்டம் முடிந்து, மண்ணாகிப்போன உடையோடு நான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். மேடம் பக்கத்தில் பந்துகளைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார். அஞ்செட்டிப் பெண் எங்களிடம் வந்தாள்.

"நல்லா இருக்கீங்களாக்கா? மூஞ்சி வலிக்குதா?"

"சிறிதளவு" என்றேன்.

"ஒண்ணு சொல்லட்டுங்களா? நீங்க மொதல்ல பேசுனதும் உங்க காலேஜுதான்னு நெனச்சுட்டேன்கா. மாமாக்கிட்டயும் சொல்லலாம்னுதான் இருந்தேன். அப்புறம் ரெண்டாவது பேசுனீங்களா... மனசு மாறிடுச்சு."

போட்டி மேடைகளில் எனக்குக் கைதட்டல் கிடைத்திருக்கிறது, கோப்பை கிடைத்திருக்கிறது. முடிவெடுத்துவிட்ட ஒரு மனத்தை என் சொல் திருப்பியதாக அதுவரை ஒருவரும் வந்து சொன்னதில்லை. முகத்தில் பந்து பட்ட இடம் வீங்கியிருந்தது. அதையும் மீறி உதடு விரிந்துவிட்டது. மறைக்க முயன்றேன். முடியவில்லை.

அவள் போனதும் மேடம் பையின் வாயைக் கயிற்றால் இறுக்கினார்.

"சந்தோஷமா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். அதற்குரிய வாதங்களும் என்னிடம் இருந்தன.

"ஆமாம் மேடம்" என்றேன்.

அவர் பந்துப் பையைத் தூக்கி என் தோளில் மாட்டினார். "ஏறுட்டி வண்டியில. காலைல அஞ்சரைக்கு வந்துரு. குனியாம பந்தப் பாக்கதுக்கு மொதல்ல படி."