தம்பி கட்டிய ஃப்யூஸ்

அக்கா எதையும் மறந்துவிடுவாள் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆறு வருஷமாக ஒரே ஒரு விஷயத்தை நெஞ்சில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தவள் அவள்.

அவளும் தம்பியும் ஒரே கொட்டகையில் வண்டிகளுக்கு ஒயரிங் செய்தவர்கள். படுக்கை, அடுப்பு, ஃப்ரிட்ஜ் எல்லாம் உள்ளேயே வைத்த வீட்டு வண்டிகள்தான் பிழைப்பு. எந்த பேட்டரிக்கு எந்த சார்ஜர் என்று பார்த்து எடுப்பது அக்கா; ஒயர் இழுத்துக் கட்டுவது தம்பி. ஒருநாள் அவர்கள் ஒயரிங் செய்து கொடுத்த பல் டாக்டருடைய வண்டி நின்ற இடத்திலேயே எரிந்தது. நல்லவேளை, உள்ளே ஆள் இல்லை.

"ஃப்யூஸ பேட்டரிகிட்ட போடாம சார்ஜர்கிட்ட போட்டிருக்காங்க, அதான்" என்றார் பார்க்க வந்த இன்சூரன்ஸ்காரர். தம்பி கண்ணை இமைக்காமல், "அக்கா கட்டினது சார்" என்றான். பாவம் ஓரிடம், பழி ஓரிடம்! டாக்டர் ஊர் பூராவும் சொல்லித் தீர்த்தார். அப்புறம் அவளைத் தேடி ஒரு வண்டிகூட வரவில்லை. ஒயரிங்கில் புலி, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து மிக்ஸி ரிப்பேர் பார்த்தால் வயிறு எரியாதா?

இப்போது தம்பியே ஒரு வீட்டு வண்டி வாங்கினான். புதுசாக லித்தியம் பேட்டரி வைத்தான், பழைய சார்ஜரை அப்படியே விட்டான். பேட்டரி நிறைவேனா என்றது. பெண்டாட்டி பிள்ளைகளோடு ஊர் சுற்றக் கிளம்ப நாலே நாள். வெட்கத்தை விட்டு அக்கா வாசலில் வந்து நின்றான்.

"நீதான்க்கா பாக்கணும். எனக்குப் பிடிபடல."

"வாடா, வா. உனக்குச் செய்யாம யாருக்குச் செய்யப் போறேன்?" குரலில் தேன் ஒழுகியது. நம்பினான், மடையன்.

சார்ஜர் எடுப்பதில் அவள் குறை வைக்கவில்லை. பழையது ஆசிட் பேட்டரிக்கானது. லித்தியத்துக்கென்று தனி செட்டிங் உள்ளதாகப் பார்த்து எடுத்தாள். இன்னும் பெரிசா வாங்கலாமே என்று தம்பி இழுத்தபோது, "பேட்டரி எவ்வளவு தாங்கும்னு அதுமேலயே எழுதியிருக்கு, படிக்கத் தெரியும்ல?" என்றாள்.

அடுத்து பல் டாக்டருக்கு போன் போட்டாள். "சனிக்கிழமை காலைல என் தம்பி வண்டிகிட்ட வாங்க டாக்டர். பேச வேண்டாம், பாத்தா போதும்." முணுமுணுத்துக்கொண்டே வந்தவருக்கு ஸ்டூல் போட்டாள். சார் புது வண்டி வாங்கப் போகிறாராம், சார்ஜர் மாட்டுவதைப் பார்க்கணுமாம் என்று தம்பியிடம் ஒரு பொய். அந்த வேலையும் தனக்கே கிடைக்கும் என்று அவனுக்கு நாக்கில் எச்சில் ஊறியது.

"நீயே கட்டுடா. என் கண்ணு முன்ன மாதிரி இல்ல."

அதுவும் பொய். ஊசியில் நூல் கோக்கிற கண் அது. அவன் சரியாகக் கட்டிவிட்டால்? ஆறு வருஷப் பழி அவள் தலையிலேயே நின்றுவிடும். படபடப்போடு அவன் கையையே பார்த்தாள்.

பேட்டரி படுக்கைக்கு அடியில், சார்ஜர் கதவோரம். சிவப்பு ஒயரை பேட்டரியில் நேராக முடுக்கினான், தகரத் தரையோரமாக இழுத்து வந்தான். கைக்கு எட்டுகிற சௌகரியத்துக்கு, சார்ஜர் பக்கத்தில் ஃப்யூஸை மாட்டினான்.

அக்கா பாய்ந்து போய் பேட்டரியிலிருந்து ஒயரைக் கழற்றினாள். டாக்டர் எழுந்துவிட்டார்.

"ஏம்ப்பா, என் வண்டிலயும் ஃப்யூஸ் இதே இடத்துலதான இருந்துச்சு?"

"நடுவுல ஒயர் தேஞ்சு தகரத்துல பட்டா, பேட்டரில இருக்கிற மொத்தமும் அங்கயே கொட்டும் டாக்டர்" என்றாள் அக்கா. "இவன் மாட்டின ஃப்யூஸ் அந்தக் கோடியில உக்காந்து வேடிக்கை பாக்கும். இப்ப சொல்லுடா. அன்னிக்குக் கட்டினது யாரு?"

தம்பி தரையைப் பார்த்து ஏதோ முனகினான்.

"சத்தமா."

"நான்தான்! நான்தான் கட்டினேன், போதுமா?"

துணிமூட்டையோடு வண்டிக்கு வந்த அவன் மனைவி அப்படியே நின்றுவிட்டாள். ஆறு வருஷமாக நாத்தனாரைக் கண்டால் கதவைச் சாத்தியவள். அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

"மன்னிச்சிரும்மா" என்றார் டாக்டர்.

"அது இருக்கட்டும். என்னப் பத்தி யார் யார்கிட்ட சொன்னீங்களோ, அத்தன பேர்கிட்டயும் போய் இதையும் சொல்லிட்டு வாங்க."

அவர் போன பிறகு தம்பி மெல்ல, "அக்கா... வண்டி?" என்றான்.

"இதுல படுக்கப் போறது என் மருமகப் புள்ளைங்க. அதுக்காகக் கட்டித் தரேன்." அக்கா படுக்கைக்கு அடியில் நுழைந்தாள். "நீ ஒயரத் தொடாத. டார்ச்சப் புடி."