பிலேந்திரனோடு பேசும் உழவு இயந்திரம்

நெடுந்தீவுத் துறைமுகத்தில் ஐஸ் பெட்டிகளை ஏற்றி இறக்கும் சின்ன உழவு இயந்திரமே பிலேந்திரனின் பிழைப்பு. அதன் சத்தத்தைக் கேட்டே அதன் மனத்தை அறிவேன் என்பது ஐம்பது வயதான அவரது பெருமை.

ஊரில் மண் தோண்டும் பெக்கோ இயந்திரம் இல்லாத குறையைத் தீர்க்க விரும்பிய அவர், தோண்டும் இரும்புக் கையொன்றைப் படகில் வரவழைத்து இயந்திரத்தின் பின்னால் பூட்டினார். முதல் வேலை, அயலவர் தேவசகாயத்தின் மலசலகூடக் குழி. ஒரு முழ ஆழத்தில் முருகைக்கல் பாறை தட்டுப்பட்டது. இரும்புக் கை கீழே இறங்கவில்லை. இயந்திரத்தின் முன்சில்லுகள்தாம் மேலே எழுந்தன.

"குழி வெட்டச் சொன்னால் நீர் வானத்துக்கெல்லோ போறீர்!" என்றார் தேவசகாயம்.

"முன்னுக்குப் பாரம் காணாது, அண்ணை."

தேவசகாயத்தின் கல்வேலியிலிருந்தே கற்களைப் பெயர்த்து, இயந்திரத்தின் முன்புறத்தில் அடுக்கிக் கட்டினார் பிலேந்திரன். சில்லுகள் பணிந்தன. அவர் மீண்டும் நெம்புகோலை இழுத்தார். மேலெழ வழியற்றுப்போன விசை முழுவதும் இயந்திரத்தின் இடுப்பில் இறங்க, 'டக்' என்றொரு சத்தம் கேட்டது.

அவரது மனைவி ஜெசிந்தா ஓடிவந்து சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினார்.

"ஏலாதெண்டு அது எழும்பி நிண்டெல்லோ சொன்னது! நீங்கள் அதின்ர தலையில கல்லை ஏத்தினீங்கள்!"

பிலேந்திரன் குனிந்து பார்த்தார். இரும்புக் கையைப் பூட்டிய சட்டம் மட்டுமே விரிசல் விட்டிருந்தது. இயந்திரம் மயிரிழையில் தப்பியிருந்தது.

அலவாங்குக் கம்பிகளோடு வந்த இருவர் குழியை வெட்டி முடித்தனர். மறுநாட் காலை, இரும்புக் கையைக் கழற்றிவிட்டுத் துறைக்குப் புறப்பட்ட பிலேந்திரனை, குலைந்த வேலியோரம் நின்ற தேவசகாயம் மறித்தார்.

"என்னவாம் சொல்லுது உம்மட மெசின்?"

"ஐஸ் மட்டும் ஏத்தட்டாம், அண்ணை."

"வேலிக் கல்லை ஆர் அடுக்கிறதெண்டும் ஒருக்காக் கேளும்."